செயற்கை நுண்ணறிவு ஒரு படிப்பாக: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ முடிவு வந்து கலந்தாய்வு தொடங்கும் நாட்களில் எங்கள் வீட்டுக்கு யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். பொறியியல் கல்லூரியில் பல வருடங்களாகச் செயற்கை நுண்ணறிவுப் பாடம் எடுக்கிறேன் என்பதால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் என்னிடம்தான் கேட்பார்கள். "ஏ.ஐ. எடுக்கட்டுமா சார்?" என்று பேச்சு ஆரம்பிக்கும். வேலை கிடைக்குமா, சம்பளம் எவ்வளவு என்று போகும். இந்தத் துறை எதைத் தேடுகிறது என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டால் விட மாட்டேன், காபி ஆறும்வரை பேசுவேன். அப்படிப் பேசியவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

செயற்கை நுண்ணறிவு என்பது கேட்டால் பதில் சொல்லும் அந்தச் செயலிதானே?

மின்விசிறி ஓடுவது இயற்பியலால். அதற்காக மின்விசிறியை இயற்பியல் என்று யாரும் சொல்வதில்லை. அரட்டைச் செயலிக்கும் இந்தத் துறைக்கும் உள்ள உறவும் அதேதான்.

பார்ப்பது, பேச்சைப் புரிந்துகொள்வது, திட்டம் போடுவது, பட்டுத் தெரிந்துகொள்வது, அரைகுறைத் தகவலை வைத்து முடிவெடுப்பது: இவற்றையெல்லாம் ஒருவர் செய்தால் அவருக்கு அறிவு இருக்கிறது என்கிறோம். ஓர் எந்திரம் இவற்றைச் செய்ய என்னென்ன தேவை என்று ஆராய்வதுதான் இந்தத் துறை. அதற்குப் பெயர் வைத்த ஜான் மெக்கார்த்தி, அறிவுள்ள எந்திரங்களை உருவாக்கும் அறிவியலும் பொறியியலும் என்று அதை வரையறுத்தார். அதில் இரண்டு சொற்களும் முக்கியம். வேலை நடந்தால் பொறியாளருக்குப் போதும். அது ஏன் நடந்தது, எங்கே நடக்காமல் போகும் என்று தெரியும்வரை அறிவியலாளருக்குத் தூக்கம் வராது. நல்ல மாணவருக்கு இரண்டு குணமும் வேண்டும்.

இந்தத் துறைக்கு ஒரு சோகமும் உண்டு. ஒரு காரியம் கைகூடியதும் அதைச் செயற்கை நுண்ணறிவு என்று சொல்வதையே மக்கள் நிறுத்திவிடுகிறார்கள். கைபேசி வழி காட்டுவது, அச்சிட்ட எழுத்தைப் படிப்பது, குப்பை மின்னஞ்சலைத் தனியே ஒதுக்குவது எல்லாம் ஒரு காலத்தில் ஆய்வகங்களில் முட்டி மோதிய சிக்கல்கள். இன்று அவை வெறும் 'ஆப்'.

இந்தப் பெயர் எப்போது வந்தது?

1955 ஆகஸ்ட் 31 தேதியிட்ட ஒரு நிதி விண்ணப்பத்தில். ஜான் மெக்கார்த்தி, மார்வின் மின்ஸ்கி, நத்தானியேல் ரோச்செஸ்டர், கிளாட் ஷானன் ஆகிய நால்வரும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளைக்கு எழுதியது. மறு வருடக் கோடையில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பத்துப் பேர் இரண்டு மாதம் கூடி ஆராய வேண்டும் என்பது திட்டம். கற்றல் உட்பட அறிவின் எந்தக் கூறையும், ஓர் எந்திரம் அதைப் போலச் செய்துகாட்டும் அளவுக்குத் துல்லியமாக விவரித்துவிட முடியும் என்ற ஊகத்தை அடித்தளமாக வைத்தார்கள். 13,500 டாலர் கேட்டார்கள், 7,500 டாலர் கிடைத்தது.

வகுப்பில் இதைச் சொல்லும்போது 'ஊகம்' என்ற சொல்லைக் கரும்பலகையில் பெரிதாக எழுதிக் கோடிடுவேன். எழுபது வருடம் ஆகியும் அது நிறுவப்படவில்லை, பொய்யென்றும் ஆகவில்லை. தன் அடித்தளமே இன்னும் கேள்வியாக இருக்கும் துறையில் இளைஞர்கள் செய்ய எவ்வளவோ மிச்சம் இருக்கிறது.

அதற்கு முன் யாரும் இதைப் பற்றி யோசிக்கவில்லையா?

யோசித்தார்கள். 1943-இல் வாரன் மெக்கல்லாக், வால்டர் பிட்ஸ் இருவரும் மூளையின் நரம்பணுவை ஒரு சிறிய தர்க்கக் கருவியாக எழுதிக் காட்டினார்கள். 1950-இல் ஆலன் டூரிங் 'எந்திரங்களால் சிந்திக்க முடியுமா' என்ற கேள்வியை எடுத்தார். 'சிந்தனை' என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள் இருப்பதால் அதற்குப் பதிலாக ஒரு விளையாட்டை வைத்தார். எதிரே இருப்பது மனிதரா எந்திரமா என்று எழுத்துவழி உரையாடலில் மட்டுமே கண்டுபிடிக்க வேண்டும். சுமார் ஐம்பது வருடத்தில், ஐந்து நிமிடம் பேசிய பிறகும் சராசரி ஆள் சரியாகக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 70 சதவீதத்தைத் தாண்டாது என்று கணித்தார்.

எல்லோரும் அந்த விளையாட்டோடு நின்றுவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது அந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதி. வளர்ந்தவரின் மனத்தைச் செய்ய முயல்வதைவிடக் குழந்தையின் மனத்தைச் செய்து, அதற்குக் கற்றுக்கொடுத்தால் என்ன என்று அங்கே கேட்கிறார். இயந்திரக் கற்றல் என்று இன்று நாம் படிக்கும் பெரும் கிளையின் விதை அதில் இருக்கிறது.

அறிவு என்றால் என்னவென்றே தெரியாதபோது செயற்கை அறிவை எப்படிப் படிப்பது?

கேள்வி சரியானது. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கிப் பார்த்த மொழி நம்முடையது. அங்கே அறிவு என்றால் புலனுணர்வு, ஆறாவதாக மனம். தேர்வில் நூறு வாங்குபவரையும் அறிவாளி என்கிறோம், ஊர்ப் பஞ்சாயத்தைச் சுமுகமாக முடித்துவைப்பவரையும் அறிவாளி என்கிறோம். ஒரே சொல்லுக்குள் இத்தனை இருந்தால் எதை அளப்பது?

இந்தத் துறை பிடித்துக்கொண்ட வழி எளிமையானது. மனிதரைப் போல இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, சூழலைப் பார்த்துத் தன் இலக்குக்கு ஏற்றபடி நல்ல முடிவெடுக்கிறதா என்று பார்ப்பது. அப்படிச் செயல்படும் எதையும் 'முகவர்' என்பார்கள், வகுப்பில் 'ஏஜென்ட்' என்றே சொல்கிறோம். மழைநாளில் சென்னையில் ஆட்டோ ஓட்டுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறது என்று அவர் இன்று போய்ப் பார்க்கவில்லை. நேற்று பெய்த மழையின் நினைவு, எதிரே வந்தவர் சொன்ன ஒரு வார்த்தை, மீட்டர், வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் அவசரம் எல்லாவற்றையும் வைத்து இடதா வலதா என்று நொடியில் முடிவெடுக்கிறார். பார்வை, நினைவு, ஊகம், இலக்கு, செயல். செயற்கை நுண்ணறிவுப் பாடத்திட்டம் மொத்தமும் அந்த ஆட்டோவுக்குள் இருக்கிறது.

பாடத்தில் முதலில் 'தேடல்' வருகிறது. எதைத் தேடுகிறோம்?

வழியை. இந்தப் பகுதியைச் சலிப்பு என்று தள்ளும் மாணவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். துறையின் அழகே இங்கேதான் தொடங்குகிறது.

எண்களை நகர்த்தி ஒழுங்குபடுத்தும் சின்னப் பலகைப் புதிர் தெரியும் அல்லவா? ஒன்பது கட்டம், எட்டு வில்லை. ஒரு நிலையிலிருந்து நகர்த்தி நகர்த்தி அடையக்கூடிய நிலைகள் 1,81,440. கணினிக்கு அது பொருட்டே இல்லை. பதினாறு கட்டமாக்கினால் பத்து லட்சம் கோடிக்கும் மேல். சதுரங்கத்தில் நடக்கக்கூடிய ஆட்டங்களை 1950-இல் ஷானன் மதிப்பிட்டபோது வந்தது, ஒன்றுக்குப் பின் 120 சுழியம். எவ்வளவு வேகமான எந்திரம் வந்தாலும் எல்லாவற்றையும் பார்த்துத் தீராது. பார்க்காமலே எதைத் தள்ளலாம் என்று தெரிவதுதான் இங்கே அறிவு.

அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு வழி தேடுகிறீர்கள். வரைபடத்தில் ஒவ்வொரு சந்திப்பிலும் நின்று, இதுவரை வந்த தூரத்தோடு, இங்கிருந்து வால்பாறைக்கு நேர்கோட்டில் எவ்வளவு என்பதைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை எங்கே குறைவோ அந்தச் சந்திப்பை முதலில் ஆராயுங்கள். அந்த மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள், உண்மையான தூரம் நேர்கோட்டைவிடக் கூடத்தான் இருக்கும். ஆனால் நேர்கோட்டுத் தூரம் எந்தச் சாலையைவிடவும் நீளமாக இருக்க முடியாது. நம் ஊகம் குறைத்துச் சொல்லலாம், கூட்டிச் சொல்லாது. இந்த ஒரு நிபந்தனை இருந்தால் கிடைக்கும் வழி மிகக் குறுகிய வழிதான் என்று கணிதமாகவே நிறுவலாம். இதற்கு 'ஏ ஸ்டார்' என்று பெயர். 1968-இல் பீட்டர் ஹார்ட், நில்ஸ் நில்சன், பெர்ட்ரம் ராஃபேல் மூவரும் வெளியிட்டார்கள். கலிபோர்னியாவில் 'ஷேக்கி' என்ற சக்கர ரோபோ அறைக்குள் இடிக்காமல் நகர வேண்டியிருந்தது, அந்த ஆய்விலிருந்து பிறந்தது இது. கணினி விளையாட்டில் உங்களைத் துரத்தி வரும் எதிரி இன்றும் பெரும்பாலும் இதே முறையில்தான் வழி கண்டுபிடிக்கிறான்.

எதிராளி இருக்கும் விளையாட்டு என்றால் தேடல் வேறு மாதிரி. நம் ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 3 புலி, 15 ஆடு, கோடுகள் சந்திக்கும் 23 புள்ளிகள். முதல் ஆட்டை வைக்கவே 20 இடம் இருக்கிறது. நான் இங்கே வைத்தால் புலிக்காரர் எனக்கு மிகவும் கெடுதலானதைத்தான் செய்வார், அப்படிச் செய்தால் அதற்கு என்னுடைய சிறந்த பதில் எது என்று மாறி மாறி நினைத்துப் பார்க்க வேண்டும். இதைச் சில நகர்வுகள் ஆழம்வரை செய்து, அங்கே நிலைமை எப்படி என்று மதிப்பெண் போடுவது 'மினிமேக்ஸ்'. 1997-இல் உலகச் சதுரங்கச் சாம்பியன் கேரி காஸ்பரோவை வென்ற 'டீப் ப்ளூ' என்ற கணினி அடிப்படையில் இதைத்தான் நொடிக்கு 20 கோடி நிலைகள் என்ற வேகத்தில் செய்தது. கணினி பத்தே வருடத்தில் உலகச் சதுரங்கச் சாம்பியனாகும் என்று ஹெர்பர்ட் சைமனும் ஆலன் நியூவெல்லும் எழுதியது 1958-இல். நாற்பது வருடம் ஆனது.

நிபுணர்களின் அறிவை விதிகளாக எழுதிக் கொடுத்தால் போதாதா?

அதையும் மனதாரச் செய்து பார்த்தார்கள். 1970-களில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 'மைசின்' என்ற நிரல் உருவானது. இரத்தத்தில் நோய்த்தொற்று என்றால் எந்தக் கிருமி, என்ன மருந்து என்று சொல்லும். உள்ளே இருந்தவை 'இப்படி இருந்தால் இப்படி' என்ற பாணியில் சில நூறு விதிகள். சோதித்துப் பார்த்தபோது அதன் பரிந்துரைகள் வல்லுநர்களுடையவற்றுக்குக் குறைந்தவையாக இல்லை. ஆனாலும் மருத்துவமனையின் அன்றாட வேலைக்கு அது வரவே இல்லை.

நடைமுறைச் சிக்கல்கள் போக, அடிப்படையான ஒரு சிக்கல் இருந்தது. அதை நான் புத்தகத்தில் படித்ததைவிடத் தஞ்சாவூர் பக்கம் ஒரு வயலில்தான் நன்றாகப் புரிந்துகொண்டேன். நெற்பயிரின் குறைபாடுகளைச் சொல்லும் சின்ன நிரலுக்காக மாணவர்களோடு ஒரு பெரியவரிடம் போயிருந்தோம். "இலை மஞ்சளா இருந்தா தழைச்சத்து பத்தலை" என்றார். எழுதிக்கொண்டோம். பக்கத்துப் பாத்தியில் மஞ்சளாக இருந்ததைக் காட்டினோம். "அது வேற மஞ்சள்" என்றார். அடி இலையில் தொடங்கினால் தழைச்சத்து, குருத்து வெளுத்தால் இரும்புச்சத்து என்று விளக்கினார். மூன்றாவது பாத்தியில் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு நிறம். அவர் சட்டென்று பதில் சொன்னார். எப்படித் தெரிந்தது என்று கேட்டோம். "பாத்தாத் தெரியும் தம்பி, அதை எப்படிச் சொல்றது?" என்றார்.

ஓர் ஆய்வுத்துறையே முட்டி நின்ற இடம் அதுதான். வல்லுநருக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி வார்த்தைக்கு வராது. வந்த பகுதியும் ஒரு விதிக்கு நூறு விலக்கு கேட்கும். விதிகள் ஆயிரக்கணக்கில் பெருகினால் ஒன்றைத் திருத்த இன்னொன்று கெடும்.

நிச்சயமில்லாத செய்தியை எந்திரம் எப்படிக் கையாளும்?

நிகழ்தகவால். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் பேரில் 10 பேருக்கு ஒரு நோய். சோதனை அந்தப் பத்தில் 9 பேரைக் கண்டுபிடிக்கும். நோயில்லாத 990 பேரில் நூற்றுக்கு ஐந்து வீதம், சுமார் 50 பேருக்குத் தவறாக 'இருக்கிறது' என்று காட்டும். 'இருக்கிறது' என்று வந்த 59 பேரில் உண்மையாக நோயுள்ளவர் 9 பேர்தான். பெரும்பாலானோர் நோய் இருக்க 90 சதவீத வாய்ப்பு என்று பதற்றப்படுவார்கள். மனிதர்கள் சறுக்கும் இந்த இடத்தில் எந்திரத்தை ஒழுங்காக நடக்க வைத்தது ஜுடேயா பேர்ல் 1980-களில் வளர்த்த பேய்சியன் வலைகள், அதாவது எது எதைப் பாதிக்கிறது என்பதை நிகழ்தகவோடு கோத்து வைக்கும் முறை. கணினி அறிவியலின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருது 2011-ஆம் ஆண்டுக்கு அவருக்குக் கிடைத்தது. இன்றைய ஆரவாரத்தில் இந்தப் பகுதியை யாரும் பேசுவதில்லை. எனக்கு அது குறையாகவே படுகிறது.

இயந்திரக் கற்றல், ஆழ்கற்றல், செயற்கை நுண்ணறிவு மூன்றும் ஒன்றா?

பெட்டிக்குள் பெட்டி. பெரியது செயற்கை நுண்ணறிவு, அதற்குள் ஒன்று இயந்திரக் கற்றல், அதற்குள் ஒன்று ஆழ்கற்றல். தேடலும் விதிகளும் முதல் பெட்டியில் உண்டு, இரண்டாவதில் இல்லை.

விதியை நாம் எழுதாமல், எடுத்துக்காட்டுகளைக் கொடுத்து எந்திரமே கண்டுபிடிக்கட்டும் என்பது கற்றல். வயல் பெரியவரிடம் விதி கேட்பதற்குப் பதில் பத்தாயிரம் இலைப் படங்களைக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் இது இன்ன குறைபாடு என்று மட்டும் அவரைச் சொல்ல வைப்பது போல. ஐபிஎம்-மில் ஆர்தர் சாமுவேல் செக்கர்ஸ் ஆட்டத்தில் தானே தேறிக்கொள்ளும் நிரல் எழுதி 1959-இல் வெளியிட்ட கட்டுரையில்தான் 'இயந்திரக் கற்றல்' என்ற சொல் ஊன்றியது. பல அடுக்குகள் உள்ள நியூரல் நெட்வொர்க்கை வைத்துக் கற்பது ஆழ்கற்றல்.

நியூரல் நெட்வொர்க் பழைய யோசனைதான் என்கிறார்களே, நடுவில் எங்கே போயிருந்தது?

நரம்பணுவைப் போலச் செயல்படும் சின்னச் சின்னக் கணக்குகளை வலையாகக் கோத்தால் அது நியூரல் நெட்வொர்க். அதன் எளிய வடிவமான 'பெர்செப்ட்ரானை' ஃபிராங்க் ரோசன்பிளாட் 1950-களின் கடைசியில் செய்தார். வந்த தகவல்களுக்கு எடை போட்டுக் கூட்டி, ஓர் அளவைத் தாண்டினால் ஆம், இல்லாவிட்டால் இல்லை. தவறு செய்தால் எடைகளைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளும். அவ்வளவுதான். செய்தித்தாள்கள் கொண்டாடின.

1969-இல் மின்ஸ்கியும் சீமோர் பேப்பர்ட்டும் ஒரே அடுக்குள்ள பெர்செப்ட்ரானின் எல்லைகளைக் கணிதமாகக் காட்டினார்கள். அதைப் புரிந்துகொள்ள உங்கள் வீட்டு மாடிப்படி விளக்கு போதும். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் விளக்கு அணைந்திருக்கும், வேறு வேறு பக்கம் இருந்தால் எரியும். இந்த நான்கு நிலைகளையும் தாளில் சதுரத்தின் நான்கு மூலைகளாகக் குறித்து, எரியும் மூலைகளையும் அணைந்த மூலைகளையும் ஒரே ஒரு நேர்கோட்டால் பிரிக்கப் பாருங்கள். முடியாது. ஒற்றை அடுக்கு போடத் தெரிந்தது ஒரு நேர்கோடு மட்டும்தான். மாடிப்படி விளக்கை அதால் கற்க முடியவில்லை.

அடுக்குகளைக் கூட்டினால் முடியும். ஆனால் உள்ளடுக்கின் எடைகளை எப்படித் திருத்துவது? கடைசியில் வந்த தவறில் யார் பங்கு எவ்வளவு என்று பின்னோக்கிப் பிரித்துக் கொடுக்கும் முறையை 1986-இல் டேவிட் ரூமல்ஹார்ட், ஜெஃப்ரி ஹின்டன், ரொனால்ட் வில்லியம்ஸ் மூவரும் பலரும் ஏற்கும்படி காட்டினார்கள். அதற்கு முன்பும் பின்பும் நிதி வற்றிய காலங்கள் உண்டு. எந்திர மொழிபெயர்ப்பு எதிர்பார்த்தபடி வரவில்லை என்று 1966-இல் அமெரிக்காவில் ஓர் அறிக்கை, துறையே சொன்னதைச் செய்யவில்லை என்று 1973-இல் பிரிட்டனில் ஜேம்ஸ் லைட்ஹில்லின் அறிக்கை. அந்தக் காலங்களைப் 'பனிக்காலம்' என்பார்கள். அதிகமாக வாக்குக் கொடுத்ததன் விலை அது. அந்தப் பனியிலும் தங்கள் யோசனையை விடாதவர்கள் இருந்தார்கள் என்பதை மாணவர்களுக்குத் தவறாமல் சொல்கிறேன். ஹின்டன் அவர்களில் ஒருவர்.

பிறகு எது மாறியது?

யோசனையைவிட அதிகமாகச் சூழல் மாறியது. ஃபெய்-ஃபெய் லீயும் அவர் குழுவினரும் 'இமேஜ்நெட்' என்ற பெயரில் இலட்சக்கணக்கான படங்களைப் பெயரிட்டு அடுக்கினார்கள். விளையாட்டுக்காகச் செய்த வரைகலை அட்டைகள் பெருக்கல் கணக்கை மொத்தமாகப் போடத் தோதாக இருந்தன. அந்தப் படங்களில் இருப்பதை அடையாளம் காணும் 2012 போட்டியில் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இலியா சுட்ஸ்கெவர், ஹின்டன் மூவரின் வலை அப்படிப்பட்ட இரண்டு அட்டைகளில் சுமார் 12 லட்சம் படங்களைப் படித்துவிட்டு வந்தது. அதன் பிழை 15.3 சதவீதம், அடுத்து வந்தவருக்கு 26.2. அந்த இடைவெளிதான் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. 2024-ஆம் ஆண்டு இயற்பியல் நோபலை ஜான் ஹாப்ஃபீல்டோடு ஹின்டனும் பகிர்ந்துகொண்டார்.

இன்றைய அரட்டைச் செயலிகள் எப்படி வேலை செய்கின்றன? தமிழில் ஏன் தடுமாறுகின்றன?

உள்ளே இருப்பதற்குப் 'பெருமொழி மாதிரி', அதாவது 'லார்ஜ் லாங்வேஜ் மாடல்' என்று பெயர். எழுத்தைத் துண்டுகளாக வெட்டி, வந்த துண்டுகளுக்குப் பின் அடுத்த துண்டு எதுவாக இருக்கலாம் என்று கணிக்கப் பழகிய மிகப் பெரிய வலை. "ராமு தன் தம்பிக்குச் சட்டை வாங்கினான், அது அவனுக்குப் பெரிதாக இருந்தது" என்ற வாக்கியத்தில் 'அது' சட்டை, 'அவனுக்கு' என்பது தம்பிக்கு. இதைப் பிடிக்க ஒவ்வொரு சொல்லும் மற்றச் சொற்களில் எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கவனத்தையே கணக்காக்கியது 2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட 'டிரான்ஸ்ஃபார்மர்' அமைப்பு. வாக்கியம் சரளமாக வருவதையும் அது உண்மையாக இருப்பதையும் இந்தப் பயிற்சி தனித்தனியே பிரித்துக் கற்பிப்பதில்லை. பொய்யும் நல்ல நடையில் வருவது அதனால்தான்.

தமிழ் விஷயத்துக்கு வருவோம். இணையத்தில் நம் எழுத்து குறைவு என்பது பாதிக் காரணம். 'தமிழ்' என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்து. கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீடான யூனிகோடில் அது ஐந்து குறிகள், பரவலான யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 15 பைட். அதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 5 பைட். துண்டாக்கும் முறை ஆங்கிலத்தைப் பார்த்துப் பழகியிருந்தால் நம் சொற்கள் பொடிப்பொடியாகச் சிதறும். அதற்கு மேல், 'போகாமலிருந்திருக்கலாமோ' என்று ஒரே சொல்லில் நாம் எதிர்மறை, காலம், ஊகம், ஐயம் எல்லாவற்றையும் அடுக்குகிறோம். தெருவில் பேசும் தமிழ் வேறு, எழுதும் தமிழ் வேறு. இவை நம் மொழியின் குறைகள் அல்ல. நல்ல ஆராய்ச்சிக் கேள்விகள், நம்மவர்கள் எடுத்துச் செய்ய வேண்டியவை. குரோம்பேட்டையில் ஏயூ-கேபிசி ஆய்வு மையமும், சென்னை ஐஐடியில் 'ஏஐ4பாரத்' குழுவும் இந்த வேலையில் இருக்கின்றன.

குழந்தை செய்வதை எந்திரம் செய்யத் திணறுவது ஏன்?

ரோபோ ஆய்வாளர் ஹான்ஸ் மொராவெக் 1980-களில் இதைத் தெளிவாகச் சொன்னார். தேற்றம் நிறுவுவது, சதுரங்கம் ஆடுவது போன்றவை மனித இனத்துக்கு நேற்று வந்த திறமைகள். பார்ப்பதும் நடப்பதும் பிடிப்பதும் கோடிக்கணக்கான வருடப் பரிணாமத்தில் தேறியவை. நாம் எளிது என்று நினைப்பது, நமக்கு அது கணக்காகத் தெரியாததால். 1956-இலேயே நியூவெல், சைமன், கிளிஃப் ஷா மூவரின் நிரல் தர்க்கத் தேற்றங்களை நிறுவியது. வேட்டியை நேர்த்தியாக மடித்து வைக்கும் ரோபோ இன்றும் ஆய்வகச் செய்திதான்.

இந்தத் துறையில் நம் ஊர்க்காரர் யாராவது உண்டா?

ராஜ் ரெட்டி. 1937-இல் சித்தூர் மாவட்டத்துக் காட்டூரில் பிறந்தவர், சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958-இல் பட்டம் பெற்றவர். அங்கே படித்தது கட்டடப் பொறியியல். ஆஸ்திரேலியா போய், பிறகு ஸ்டான்ஃபோர்டில் மெக்கார்த்தியிடம் ஆய்வு செய்து, 1966-இல் முனைவரானார். தொடர்ச்சியான பேச்சைக் கணினி புரிந்துகொள்ள வைப்பதுதான் அவர் வாழ்நாள் வேலை. கார்னகி மெல்லன் பல்கலைக்கழக ரோபோ ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநர். 1994-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதை எட்வர்ட் ஃபெய்கன்பாமுடன் பகிர்ந்தார். கிண்டியில் சிவில் படித்தவர் கணினியின் காதைத் திறந்துவைத்தார் என்று சொல்லும்போது, 'வேற டிபார்ட்மென்ட் கிடைச்சிடுச்சு சார்' என்று அழுத முகத்தோடு வந்த பிள்ளைகள் கொஞ்சம் நிமிர்வதைப் பார்த்திருக்கிறேன்.

கணக்கு எவ்வளவு வேண்டும்?

பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தின் முதல் பாடம் அணிகள். நியூரல் நெட்வொர்க் பெரும்பாலும் அணிப் பெருக்கல்தான். எடைகளை எந்தப் பக்கம் மாற்றுவது என்று சொல்வது வகையீடு. மேலே சொன்ன நோய்க் கணக்கு நிகழ்தகவு. மூன்றையும் மனப்பாடம் செய்யாமல் புரிந்து படித்தவருக்குப் பயமே வேண்டாம்.

'ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ்' எடுப்பதா, கணினி அறிவியல் எடுப்பதா?

ஹைதராபாத் ஐஐடி 2019-இல் இதற்கென்றே இளநிலைப் பட்டம் தொடங்கியது, இன்று தமிழ்நாட்டில் ஏராளமான கல்லூரிகளில் இருக்கிறது. பிரிவின் பெயரைவிட யார் எடுக்கிறார்கள், ஆய்வகத்தில் பிள்ளைகள் தாங்களே நிரல் எழுதுகிறார்களா என்று விசாரியுங்கள். பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். கணிதம், தரவுக் கட்டமைப்பு, அல்காரிதம், இயக்க முறைமை இவை நான்கும் கனமாக இருந்தால் எந்தப் பெயரானாலும் சேரலாம். கருவிகளின் பெயர்களாகவே பாடங்கள் இருந்தால் தயங்குவேன். கருவிகள் மூன்று வருடத்தில் மாறிவிடும்.

தமிழ் இலக்கியமோ உளவியலோ படித்தவருக்கு இங்கே இடம் உண்டா?

தாராளமாக. சைமன் அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர், பிறகு பொருளாதார நோபலும் வாங்கினார். ரோசன்பிளாட் உளவியலாளர். புணர்ச்சி விதி தெரிந்த ஒருவர் இல்லாமல் நல்ல தமிழ்ச் சொற்பிரிப்பான் எழுத முடியாது, நான் முயன்று தோற்றிருக்கிறேன்.

கடைசியாகக் கேட்கிறேன், எந்திரம் உண்மையிலேயே சிந்திக்கிறதா?

1980-இல் தத்துவவாதி ஜான் சர்ல் ஓர் அறையைக் கற்பனை செய்தார். உள்ளே சீனம் தெரியாத ஒருவர். சீனத்தில் கேள்விச் சீட்டு வருகிறது, கையில் உள்ள விதிப்புத்தகத்தைப் பார்த்துக் குறிகளைப் பொருத்தி சீனத்திலேயே பதில் அனுப்புகிறார். வெளியே இருப்பவருக்கு உள்ளே இருப்பவர் சீனம் அறிந்தவர் என்றே தோன்றும். அவருக்குச் சீனம் புரிந்ததா? இல்லை என்றார் சர்ல். அறை, புத்தகம், மனிதர் மூன்றும் சேர்ந்த அமைப்புக்குப் புரிந்தது என்று எதிர்த்தவர்கள் உண்டு. என் சாய்வு சர்ல் பக்கம். ஆனால் என் வகுப்பில் எதிர்ப்பக்கம் நின்று நன்றாக வாதாடியவர்களுக்கே அதிக மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

இந்த விடுமுறையிலேயே ஆரம்பிக்க வேண்டும் என்றால்?

பைத்தான் கொஞ்சம் பழகிக்கொண்டு ஆடுபுலி ஆட்டத்தை நிரலாக எழுதுங்கள். முதலில் 23 புள்ளிகளுக்கும் எண் கொடுத்து, எது எதோடு கோட்டால் இணைகிறது என்று பட்டியல் போடுங்கள். பிறகு விதிகள், பிறகு மூன்று நகர்வு ஆழத்துக்கு மினிமேக்ஸ். தொடக்கத்தில் உங்கள் புலி அசடாக ஆடும். எத்தனை ஆடு வெட்டுப்பட்டது என்பதை மட்டும் எண்ணி மதிப்பெண் போட்டிருப்பீர்கள், அதனால்தான். நகர இடமில்லாமல் ஓரத்தில் சிக்கப்போகும் புலிக்கு எவ்வளவு மதிப்பெண் குறைக்க வேண்டும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்காது. திண்ணையில் உட்கார்ந்து இந்த ஆட்டம் ஆடிய பாட்டியோ தாத்தாவோ வீட்டில் இருந்தால் அவர்களோடு பத்து ஆட்டம் ஆடி, ஒவ்வொரு நகர்வுக்கும் ஏன் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.